சரி சாருக்கு எத்தனை பிள்ளைகள்?

என் தம்பிக்கு எல்லாச் சொல்லும் வரும், 'முடியாது' மட்டும் வராது. குழந்தையில் அவனுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது 'சரி' என்றுதான் வந்தது, அதிலேயே அவன் திருப்தியடைந்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டால் சரி. கொண்டுவந்து சாத்திக் கொடுங்கள் என்றால் சரி. நீங்களே ஏறி அந்த பல்பையும் மாற்றிவிடுங்கள் என்றாலும் சரி. எங்கள் வீட்டுத் துளைபோடும் மெஷின் எதிர்வீட்டுக்குப் போய் நாலைந்து வருடம் ஆகிறது. எங்கள் சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமானால் நாங்கள்தான் அவர்களிடம் போய்க் கெஞ்சி வாங்கி வருகிறோம். திருப்பிக் கொடுக்கும்போது நன்றியும் சொல்கிறோம்.

கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்பீர்கள். ஒரே வருடத்தில் இரண்டு பெண்களிடம் சரி என்று சொல்லி வைத்திருந்தான். வேண்டுமென்று செய்ததில்லை, முதலில் கேட்டவளிடம் சொன்னதை இரண்டாவது கேட்டவளிடம் மறுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒருநாள் சேர்ந்தே வந்து, சேர்ந்தே அவனைக் கைகழுவிவிட்டுப் போனார்கள். அந்த இருவரும் இன்றுவரை நல்ல தோழிகள். நடந்ததில் உருப்படியாக விளைந்தது அது ஒன்றுதான்.

நானும் அவனும் சேர்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று நடத்துகிறோம். சேர்ந்து என்றால், மேசைக்குப் பின்னால் நான், காருக்குள் அவன். ஒரு கண்ணாடிக் கதவு, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள், ரவுண்டானாவில் யார் முதலில் போக வேண்டும் என்று காட்டுவதற்குக் காந்தம் வைத்த பொம்மைக் கார்கள். இதுதான் எங்கள் ராஜ்ஜியம். சேர வருகிறவர்களிடம் நான் கறாராகப் பேசுவேன். அவர்கள் காரில் ஏறியதும் அவன் அதையெல்லாம் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவான். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்தவனிடம்கூட, "சரி சரி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பான். பயிற்சிக் காரில் அவன் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வாயால் நிறுத்த முடியாததையெல்லாம் அவன் காலால் நிறுத்திப் பிழைத்தான். மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'சரி சார்'.

என் வீட்டுக்காரர் போன பிறகு கீழே நான், மாடியில் அவன். எனக்கும் பிள்ளைகள் இல்லை. ஒரு காலத்தில் அதற்காக அழுதிருக்கிறேன், பிறகு பழகிவிட்டது. "எங்க குடும்பம் எங்க ரெண்டு பேரோட முடியுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஏதோ பெரிய தத்துவம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

போன வருடம் ஒரு கம்பெனி விளம்பரம் பார்த்தேன். ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால், உங்கள் முன்னோர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்வார்களாம். என் மூக்கைப் பார்க்கிறவர்கள் ராணி மூக்கு என்பார்கள். பார்த்துவிடலாமே என்று துப்பி அனுப்பினேன். பதில் வந்தது: விவசாயிகள், மீனவர்கள், மறுபடியும் விவசாயிகள். ராஜா வீட்டில் பாத்திரம் கழுவினவர்கூட ஒருவர் இல்லை. எரிச்சலில் அந்தப் பக்கத்தை மூடியவள்தான், திரும்பத் திறக்கவில்லை. அதற்குக் கீழே 'உங்கள் நெருங்கிய உறவினர்கள்' என்று நீளமாக ஒரு பகுதி இருந்ததாம். யார் கண்டது!

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தே பேசுவாள், தொழில் பழக்கம். இருபத்தைந்து வயதிருக்கும். வேண்டாததை முகத்துக்கு நேரே வேண்டாம் என்பாள். நான் கொடுத்த டீயை, "சர்க்கரை ஜாஸ்தி, வேணாம் மேடம்" என்று திருப்பித் தந்தவள் எங்கள் பள்ளி வரலாற்றில் அவள் ஒருத்திதான். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனால் ஒருநாள் ஒரு திருப்பத்தில் சாலையைப் பார்க்காமல் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, காரை நடைபாதைமேல் ஏற்றிவிட்டாள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் தாவி ஒதுங்கினார். அன்று என் தம்பி கத்தினான். "அறிவிருக்கா? ரோட்ட பாத்து ஓட்டு!" என்று அவன் கத்தியதை அந்தத் தெருவே கேட்டது. பிறகு ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். தம்பி ரவுண்டானா பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்துதான் இருக்கேன்."

"அப்ப சார் உக்காரட்டும்." அவன் சரி என்று உட்கார்ந்தான். அவள் என்னைத்தான் பார்த்தாள். "நீங்க எனக்கு அத்தை."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "யாரும்மா உன் அப்பா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா வீட்ல டிவி பாத்துட்டு இருக்கார். என்னை வளத்தவர் அவர்தான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ஆஸ்பத்திரியில வேற ஒருத்தரோட தானத்துல நான் பொறந்தேன். எச்சில் டெஸ்ட்ல உங்க பேரு வந்துச்சு. உங்களுக்குத் தம்பி ஒருத்தர்தானே?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் தம்பி ஒரு பொம்மைக் காரைக் கையில் பிடித்தபடி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். காதிரண்டும் சிவந்துபோயிருந்தன. அவன் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: "டாக்டரம்மா."

கதை இதுதான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா அவனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். குழந்தை இல்லாதவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கும் மருத்துவமனையில் வேலை. ஒரு சிக்னலில் நிற்கும்போது, "நீங்க நல்ல ஆரோக்கியமா இருக்கீங்க, விந்து தானம் பண்றீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் சிக்னலிலேயே இறங்கி ஓடியிருப்பார்கள். இவன் சரி என்றான். பத்துக் குடும்பத்துக்கு மேல் கொடுக்க மாட்டோம், அதுதான் விதி என்றாளாம். அதற்கும் சரி.

ஒரு தடவையோடு போயிருக்கும். ஆனால் அந்த அம்மாவுக்கு ரிவர்ஸ் பார்க்கிங் வரவே வரவில்லை. வகுப்பு முடியும் இடம் மருத்துவமனையின் கார் நிறுத்தும் இடம். ஒவ்வொரு தடவையும் நாலைந்து கம்பங்களை உரசிவிட்டு வண்டியை நிறுத்தியதும், "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, மேல வந்துட்டுப் போங்களேன்" என்பாளாம். முழுசாக ஒன்றரை வருடம் அவள் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். நான் அப்போது, பாவம் என் தம்பிக்கு எவ்வளவு பொறுமை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா?"

"நீ கேக்கலியேக்கா."

எப்படிக் கேட்பேன்? காலையில் காபி குடிக்கும்போது, இன்றைக்கு எத்தனை பேருக்குத் தகப்பனானாய் என்றா?

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. எங்கள் தம்பிக்குக் காது விரிந்து முன்னால் நிற்கும். கொஞ்ச வருடமாக, விரிந்த காதோடு எந்தப் பையன் வந்தாலும் அவனுக்கு இவன் கூடுதல் வகுப்பு எடுப்பான், ஜூஸ் வாங்கித் தருவான், பரீட்சை அன்று கூடவே போய் வெயிலில் நிற்பான். டயர் கடைக்காரரின் மகனுக்கு இப்படி ஒரு வருடம் செல்லம் கொடுத்தான். அந்தப் பையனின் காது அவன் அப்பாவின் காது, அவன் தாத்தாவின் காது, அந்தக் கடையில் மூன்று தலைமுறையாகத் தொங்கும் காது. எதிரில் டயர் கடைக்காரர் நின்று சிரித்தபோதுகூட இவனுக்குப் புத்தியில் ஏறவில்லை. கடைசியில் சொந்தப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் காது அழகாகத் தலையோடு ஒட்டியிருந்ததால் அவளைத் திட்டி அனுப்பினான்.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் சிரித்தாள். "நீங்க திட்டினது எனக்குப் பிடிச்சுது சார். எல்லார்கிட்டயும் சரி சரின்னு சொல்றவரு, நமக்குன்னு கத்தறாரேன்னு. உங்கள அப்பான்னு கூப்பிட மாட்டேன், தப்பா நினைக்காதீங்க."

"சரிம்மா."

"ஆனா உங்கள அத்தைன்னு கூப்பிடுவேன்" என்று என் பக்கம் திரும்பினாள். "எனக்கு வேற அத்தை கிடையாது."

நான் உடனே எழுந்துபோனேன். சர்க்கரை போடாமல் ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்.

குடித்துவிட்டு அவள் விஷயத்துக்கு வந்தாள். அவளைப் போல இன்னும் இருக்கிறார்களாம். இதுவரை கண்டுபிடித்தது நாற்பத்து மூன்று பேர்.

"பத்துக் குடும்பம்னு சொன்னாங்களே" என்றான் தம்பி.

"கேட்டேன் சார். விதிய மீறவே இல்லங்கறாங்க. ஒரு கிளைக்குப் பத்தாம். அவங்களுக்கு எத்தன கிளைன்னு உங்களுக்குத் தெரியுமா? அதுவும் குடும்பம்தான் பத்து, பிள்ளைங்க இல்ல. எச்சில் துப்பாதவங்க இன்னும் எத்தன பேரோ." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "எங்கள்ல நிறைய பேருக்கு இதே ஊரு, ஏறத்தாழ என் வயசு. ஒருத்தன எனக்குப் பிடிச்சா, பேரு கேக்கறதுக்கு முன்னாடி எச்சில் கேக்க வேண்டியிருக்கு அத்தை. ஒருத்தன்கிட்ட மூணு மாசம் பழகின பிறகுதான் எனக்கு இதெல்லாம் தெரிஞ்சுது. டெஸ்ட் ரிசல்ட் வர்றவரைக்கும் எனக்குச் சோறு இறங்கல. நல்லவேள, அவன் வேற யாரோ. ஆனா அந்தப் பயத்துக்கு அப்புறம் அவன் கையப் பிடிக்கவே எனக்கு முடியல. விட்டுட்டேன்."

முதல் பாதிக்கு நான் சிரித்துவிட்டிருந்தேன். தம்பி பொம்மைக் காரைக் கீழே வைத்தான்.

அடுத்த மாதம் நூலகத்தின் மாடி ஹாலை எடுத்து அவள் எல்லாரையும் கூட்டினாள். எங்களையும் அழைத்தாள். வாசலில் நின்றபோது, திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. உள்ளே எங்கு பார்த்தாலும் என் தம்பியின் துண்டு துணுக்குகள்: ஒருவனிடம் நடை, ஒருத்தியிடம் முன்நெற்றி, மூலையில் பிஸ்கட் தின்றவனிடம் என் ராணி மூக்கு. ஒரு பையன் பின்பக்கம் பார்க்க அச்சு அசல் தம்பியாகவே இருக்க, "டேய், சட்டைய உள்ள விடு" என்று அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். திரும்பியவன் யாரோ. ஆனாலும் உள்ளே விட்டுக்கொண்டான்.

முதல் பிரச்சினை, யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பது. நம் பேச்சில் அண்ணனா தம்பியா, அக்காவா தங்கையா என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியுமா? எல்லாரும் பிறந்த தேதியைக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் குழப்பம் தாளாமல், வயது வரிசையில் சுவரோரமாக நின்றுவிட்டார்கள். முதலில் நம் பல் ஆஸ்பத்திரிப் பெண். அன்றுமுதல் அவளுக்கு மூத்தவள் என்றே பெயராயிற்று. ஒரே நாளில் வேறு வேறு ஆஸ்பத்திரியில் பிறந்த இரண்டு தடியன்கள், யார் அண்ணன் என்று சண்டை போட்டு, இரண்டு அம்மாக்களுக்கும் போன் போட்டு, பிறந்த நிமிஷம் கேட்டார்கள். தோற்றவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்றான். அவன் சொன்ன சரியைக் கேட்டு எனக்குப் புல்லரித்துவிட்டது.

வரிசை சுவரைச் சுற்றி வளைந்து போயிற்று. வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பள்ளிச் சீருடை, பால்பல் விழுந்தவர்கள் என்று சின்னதாகிக்கொண்டே வந்தது. நான் சிரித்துக்கொண்டே கூடவே நடந்தேன். கதவருகே வரிசை முடிந்த இடத்தில் ஒரு இளம் தம்பதி நின்றிருந்தார்கள். அந்தப் பெண்ணின் தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் நடை நின்றுவிட்டது. டாக்டரம்மா ரிவர்ஸ் கற்று முடித்து இரண்டு மாமாங்கம் ஆகிறது. மருத்துவமனைக்காரர்கள் இன்னும் உறையவைத்த குப்பிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூத்தவள் தம்பியிடம் வந்தாள். "நாங்க போய்க் கேட்டா, நீங்க யாருங்கறாங்க சார். கொடுத்தவரு நேர்ல வந்து வேண்டாம்னு சொன்னாத்தான் மிச்சத்த அழிப்பாங்களாம். வருவீங்களா?"

"சரிம்மா" என்றான். கண் கலங்கித்தான் சொன்னான். மூத்தவளின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

அதற்குள் என் விரலை ஒரு சின்னக் கை பிடித்திருந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தை. "அத்தை, உங்க மூக்கு ஏன் இவ்ளோ பெருசு?" என்றது. "உன் மூக்கும் இப்படித்தான் ஆகப்போகுது, இரு" என்றேன். அது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி, மறுபடியும் என்னிடமே வந்தது. அன்று மாலை முழுக்க என்னை விடவில்லை. நானும் அதை விடவில்லை என்பதுதான் உண்மை. அதன் அம்மா மருந்துக்கடை வைத்திருக்கிறவள், கணவன் கிடையாது, தனியாகவே பெற்று வளர்க்கிறாள். அவள் தண்ணீர்க் குழாயருகே தம்பியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது காரில் தம்பி நெளிந்தான்.

"என்னடா?"

"அந்த மருந்துக்கடைக்காரம்மா இருக்காங்கல்ல... அவங்க பொண்ணுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வேணுமாம். இன்னும் கொஞ்ச நாள்ல சிகிச்சைக்குப் போறாங்களாம். அதுவரைக்கும் எதையும் நிறுத்தச் சொல்லாதீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மூத்தவளிடமும் சரி, இவளிடமும் சரி! அன்றைக்கு அந்த இரண்டு பெண்கள், இன்றைக்கு இந்த இரண்டு பெண்கள். "உனக்கு அறுபது வயசாகப் போகுதுடா, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ முடியாதுன்னு சொன்னா நாக்கு அறுந்தா விழுந்துடும்?" என்று வீடு வந்து சேரும்வரை திட்டித் தீர்த்தேன். எதிர்வீட்டுத் துளைபோடும் மெஷின்வரை போய்த்தான் நிறுத்தினேன்.

மருத்துவமனைக்குப் போக வேண்டிய காலை வந்தது. மூத்தவள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டாள். நாங்கள் கதவைப் பூட்டக் கிளம்பும்போது, மருந்துக்கடைக்காரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை நேரே ரவுண்டானாப் பலகைக்குப் போய்ப் பொம்மைக் கார்களைப் பிய்க்க ஆரம்பித்தது.

"இன்னிக்குப் போறீங்களா சார்? எங்கிட்ட சரின்னு சொன்னீங்களே."

"சொன்னேன்மா" என்றான் தம்பி.

மூத்தவள்தான் பேசினாள். "அக்கா, உங்களுக்கு மட்டும் விடச் சொல்லி நானே கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தருக்கு விட்டா, காத்திருக்கிற எல்லாருக்கும் விடணுமாம். நிறுத்தினா மொத்தமா நிறுத்தணும், இல்லன்னா இல்ல."

"எனக்கு ஒண்ணுதாம்மா வேணும்."

"எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா வேணும். அப்படி ஒண்ணு ஒண்ணாச் சேர்ந்துதான் நாங்க இத்தன பேரு ஆனோம். உங்க பொண்ணுக்குத்தான் அன்னிக்கு ஹால் முழுக்க ஆள் இருந்தாங்களே."

"ஹால்ல இருந்தாங்க" என்றாள் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. "வருஷத்துக்கு ஒரு நாள் ஹால்ல இருப்பாங்க. நான் கேக்கறது வீட்ல ரிமோட்டுக்குச் சண்ட போட ஒரு ஆளு. நான் போனப்புறம் எங்கம்மா இப்படித்தான் இருப்பான்னு சேர்ந்து திட்ட ஒரு ஆளு." பிறகு தம்பியைப் பார்த்தாள். "உங்களுக்கு அக்கா இருக்காங்க சார். உங்களுக்கே தெரியும்."

இரண்டு பேருடைய நியாயமும் நியாயமாகவே இருந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவன் சரி என்று சொல்லித் தொலைக்கட்டுமே, இந்தக் குழந்தைக்கு ஒரு துணை வரட்டுமே என்று இருந்தது. இத்தனை வருடம் அவனைத் திட்டியவள் நான்தான். அன்று அவன் வாயிலிருந்து அந்தப் பழைய சொல் வராதா என்று நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி மூத்தவளைப் பார்த்தான், பிறகு பொம்மைக் காரோடு விளையாடும் குழந்தையை வெகுநேரம் பார்த்தான்.

"முடியாதும்மா" என்றான்.

புதிதாக ஒரு மொழி பேசுகிறவன் மாதிரி, எழுத்து எழுத்தாகத்தான் வந்தது. எங்கே சரியாகச் சொல்லவில்லையோ என்று பயந்தவன் போல இன்னொரு தடவையும் சொன்னான். "என்னால முடியாதும்மா. மன்னிச்சுக்குங்க."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "இந்த வார்த்தைய அன்னிக்கே அந்த டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல சார்?" என்றாள்.

சொன்ன கையோடு, தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்துவிட்டது. சட்டென்று மகளைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை ஏது? ஓடிப்போய் அதை வாரித் தூக்கிக்கொண்டாள். அதன் கையிலிருந்த சிவப்புக் காரைப் பிடுங்கிப் பலகையில் வைக்கப் போனாள். அது பிடியை விடவில்லை. "வச்சுக்கட்டும்" என்றேன் நான். அவள் யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

நாங்களும் கதவைப் பூட்டிவிட்டு ஏறினோம். மூத்தவள் ஓட்டினாள், பக்கத்தில் தம்பி, பின்னால் நான். பஸ் நிறுத்தத்தைக் கடக்கும்போது அம்மாவின் தோளுக்கு மேலே குழந்தை எங்களைப் பார்த்துவிட்டது. சிவப்புக் காரை ஆட்டி டாட்டா காட்டியது. நான் இரண்டு கையையும் ஆட்டினேன். தம்பி பார்த்துக்கொண்டேதான் இருந்தான். அவன் கைகள் மடியிலேயே கிடந்தன.

"கைய ஆட்டக்கூட முடியாதாடா உனக்கு? குழந்தைடா அது!"

"முடியலக்கா" என்றான். அவன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "கையத் தூக்கினா, வாயும் சரின்னு சொல்லிடும்."

எனக்கு ஆறவில்லை. "வண்டியத் திருப்பும்மா" என்றேன் மூத்தவளிடம். "ஒரு நிமிஷம்தான். அந்தக் குழந்தைகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போவோம்."

மூத்தவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தாள்.

"திருப்பாதம்மா. நேரா போ" என்றான் என் தம்பி. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "வேணாம்க்கா."

பிறந்ததிலிருந்து என்னிடம் ஒரு நாளும் அவன் மறுத்துப் பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்னால் சாய்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். மூத்தவள் சாலையைப் பார்த்து நேராக ஓட்டினாள்.